தகவல் தந்தவர்

போன வாரம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது பேரன் என் இடது தோளைத் தொட்டுப் பார்த்து, "பாட்டா, இது என்னது? ஆராவது கீறுனாவளா?" என்று கேட்டான். அவன் தோளிலும் ஒரு சின்னப் பொட்டு உண்டு. அது காசநோய்க்குப் போட்ட ஊசி. என்னுடையது பெரியம்மைக்குக் குத்தியது. அறுபது வயதைத் தாண்டிய நம்மூர்க்காரர்கள் சட்டையைக் கழற்றினால் பெரும்பாலும் எல்லாருக்கும் இருக்கும்.

உங்களுடைய தழும்பு வட்டமாக, நாணயம் பதிந்தது போல இருக்கும். நம்ம பக்கத்தில் ஒரு திருகு கருவியைத் தோளில் வைத்துத் திருகுவார்கள். எனக்கு இருப்பது இரண்டு கீற்று. அப்பா பாண்டிச்சேரியில் ஒரு துணி மில்லில் வேலையில் இருந்ததால் நான் படித்தது அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே பேனா நிப் மாதிரி ஒரு முள்ளால் கீறினார்கள். வரிசையில் நிற்க வைத்து, பெயர் கூப்பிட்டு, கீறி, அடுத்த பையன் என்று அனுப்பினார்கள். வீட்டில் யாரையும் கேட்டதாக நினைவில்லை. பிரான்சில் 1902 பிப்ரவரி 15-ந் தேதிச் சட்டப்படி முதல் வயதிலும், பதினோராவது வயதிலும், இருபத்தொன்றாவது வயதிலும் அம்மை குத்திக்கொள்வது அப்போது கட்டாயமாக இருந்தது. அதே பள்ளியில் காலை முதல் மணிக்கு 'மொரால்' பாடம் உண்டு. கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதிப்போட்டு, எல்லாரும் நோட்டில் எழுத வேண்டும். தன் கடமையைத் தானே செய்பவன்தான் குடிமகன் என்கிற தினுசில் இருக்கும். கடமையைத் தானே செய்ய வேண்டும் என்று பாடம் எழுதவைத்துவிட்டு, எங்களைக் கேட்காமலேயே கையைப் பிடித்துக் கீறினார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் சுகாதாரத் துறையில் குமாஸ்தாவாக உட்கார்ந்து தொற்றுநோய்க் கோப்புகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. தொற்றுநோய் விஷயத்தில் சட்டம் எதுவரை போகும், அதற்குமேல் மனிதர்கள் தாங்களாக என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

நம்மூர் அன்றைய திருவிதாங்கூர். அங்கே அம்மை குத்தும் ஏற்பாடு தொடங்கியது 1813-ல், ராணி கௌரி லட்சுமி பாயின் காலத்தில். கர்னல் மன்றோ ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த சமயம். இங்கிலாந்தில் ஜென்னர் இதைக் கண்டுபிடித்தது 1796-ல். இந்தியாவில் முதன்முதலாகக் குத்திக்கொண்டது பம்பாயில் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை, 1802 ஜூன் 14-ல். பதினோரு வருஷத்துக்குள் அது நம்ம ராஜ்யத்துக்கும் வந்துவிட்டது என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான். ஜனங்கள் மிரளக் கூடாது என்று அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டார்கள் என்று சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது.

மிரள்வதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் மருந்து குப்பியில் வரவில்லை. ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாள் வாக்கில் அந்த இடத்தில் கொப்புளம் எழும்பியதும், அதிலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். அந்தக் குழந்தையின் கையிலிருந்து இன்னொன்றுக்கு. இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் மருந்து ஊர் ஊராகப் போனது. தீண்டல் மட்டுமில்லை, இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று தூரக்கணக்கும் வைத்திருந்த ராஜ்யம் இது. அங்கே ஒரு சாதிப் பிள்ளையின் கொப்புளத்து நீரை இன்னொரு சாதிப் பிள்ளையின் உடம்பில் ஏற்றுவது என்றால் சும்மாவா? அதற்கு மேல், அம்மை என்பது நமக்கு வியாதி இல்லை, அம்மன் வந்திருக்கிறாள். வேப்பிலை கட்டி, வாசலில் அந்நியர் வராமல் பார்த்து, இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் விட்டு அனுப்ப வேண்டியவள். அவளைத் தடுக்க ஊசியோடு ஒரு சர்க்கார் ஆள் வந்தால் எந்த வீட்டுப் பாட்டி கதவைத் திறப்பாள்? (ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேப்பிலை கட்டிய வீட்டுக்கு அந்நியர் போகக் கூடாது என்ற அந்தக் கட்டுப்பாடு, சட்டம் எதுவும் வராத காலத்திலேயே நாமாக வைத்துக்கொண்ட தனிமைப்படுத்தல்தான்.)

1879-ல் திருவிதாங்கூரில் ஒரு ராஜ விளம்பரம் வந்தது. அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கினார்கள். யாருக்கு என்று பாருங்கள்: சர்க்கார் உத்தியோகஸ்தர், பள்ளிப் பிள்ளைகள், ஜெயில் கைதிகள். இந்த மூன்று பட்டியலையும் முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குமாஸ்தாவுக்குத்தான் இதன் சூட்சுமம் புரியும். சம்பளத்தை நிறுத்தலாம், பள்ளியில் சேர்க்காமல் இருக்கலாம், கைதியை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளலாம். அரசாங்கத்தின் கை எட்டுகிற தூரம் அவ்வளவுதான் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது. விளவங்கோட்டில் பனையேறுகிறவரையும், கடற்கரையில் வலை இழுக்கிறவரையும், வயலில் நாற்று நடுகிற பெண்ணையும் அந்த விளம்பரம் தொடவில்லை. அவர்களிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

பேசுவது எப்படி என்று நான் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். 1963 கோடை விடுமுறை. எனக்குப் பதினாலு வயது. அதற்கு முந்தைய வருஷம்தான் இந்தியா முழுக்கப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். புதுக்கடையில் பாட்டி வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் தெருவே அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பையனைப் பத்தாயத்துக்குள் இறக்கி மேலே பலகையைப் போட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் தோட்டத்துக்கு ஓடிப்போய்விட்டார்கள். அம்மன் பயம் மட்டும் காரணம் இல்லை. 1954 ஆகஸ்டு 11-ல் இந்தப் புதுக்கடையில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டு ஆள்கள் செத்து ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை. ராஜ்யம் மாறி, 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று. ஆனால் காக்கி நிறத்தில் எதைப் பார்த்தாலும் கதவைச் சாத்துகிற பழக்கம் தெருவில் அப்படியே இருந்தது. வந்தவர் தோளில் தொங்கிய பையும் காக்கிதான்.

அவர் வயதானவர். சத்தம் போடவில்லை. சட்டம், அபராதம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாட்டி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவர் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. பாட்டியின் தம்பி ஒருவர் சின்ன வயதில் வைசூரி கண்டு இறந்தவர். அதை அவரிடம் சொன்னாள். எங்களுக்குக்கூட அவள் அதைச் சொன்னதில்லை. பிறகு ரவிக்கை போடாத தோளை அவர் பக்கம் திருப்பி, "மொதல்ல எனக்குக் குத்தும். நான் சாவலைன்னா பிள்ளையளைக் கூப்பிடுதேன்" என்றாள். சாயங்காலத்துக்குள் பத்தாயத்துப் பையன் உட்பட தெரு முழுக்கக் குத்தியாகிவிட்டது. திருவனந்தபுரத்து ராணி செய்ததையே என் பாட்டியும் செய்தாள். அவளுக்கு ராணி கதை தெரியாது.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897 பிப்ரவரி 4-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மொத்தமே நாலு பிரிவு. ரயிலில் போகிறவர்களைச் சோதிக்கலாம், சந்தேகப்பட்டவரைத் தனியே கொண்டுபோய் வைக்கலாம், ஆணையை மீறினால் தண்டனைச் சட்டம் 188-வது பிரிவுப்படி தண்டிக்கலாம், நல்லெண்ணத்தில் செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. நாங்கள் அலுவலகத்தில் ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருந்தோம், அவ்வளவு சின்னச் சட்டம். அதை வைத்துக்கொண்டு புனாவில் ராண்டு என்ற அதிகாரி சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பினார். அடுக்களை, பூஜை அறை என்று பார்க்காமல் நுழைந்தார்கள். பெண்களைப் பரிசோதித்தார்கள். சாமான்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். ஜனங்கள் நோயாளியை ஒளித்தார்கள், பிணத்தை ஒளித்தார்கள். 1897 ஜூன் 22 ராத்திரி, விக்டோரியா ராணியின் வைரவிழா முடிந்து திரும்பும்போது சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். திலகர் தம் பத்திரிகையில் எழுதியதற்காகப் பதினெட்டு மாதம் உள்ளே போனார். அப்புறம் சர்க்காரே மெல்ல மெல்லக் கெடுபிடியைத் தளர்த்திக்கொண்டது.

அதே புனாவில் அதே வருஷம், மார்ச் 10-ல் சாவித்திரிபாய் புலே இறந்தார். நாட்டின் முதல் பெண் ஆசிரியைகளில் ஒருவர் என்று நாம் அறிந்தவர். பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு தன் மகன் நடத்திய மருத்துவ முகாமுக்குப் போனவர்; அவருக்கும் பிளேக் தொற்றியது. ஹாஃப்கின் என்ற ரஷ்ய விஞ்ஞானி பிளேக் தடுப்பு மருந்தைப் பம்பாயில் தயாரித்து, 1897 ஜனவரி 10-ல் முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

திருவிதாங்கூர் தனி ராஜ்யம் என்பதால் தனக்கென்று ஒரு தொற்றுநோய்ச் சட்டம் போட்டுக்கொண்டது. அதில் ஆண்டு 1073 என்று இருக்கும். கொல்லம் ஆண்டு அது, 1897-98. நாம் பிரிந்து வந்துவிட்டோம். ஆனால் கேரளத்தில் தெற்குப் பகுதிக்கு அந்தச் சட்டம் சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடந்து, 2020-ல் கொரோனாவுக்காகப் புதுச் சட்டம் கொண்டுவந்தபோதுதான் எடுத்தார்கள். நூற்றி இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கோப்பை முடிக்காமல் வைத்திருந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நமக்கு 1939-ம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம் என்று சொல்வார்கள். நல்ல சட்டம். தொற்றுநோயைக் கண்ட வைத்தியர் தகவல் கொடுக்க வேண்டும், தொற்றுள்ளவர் பொது வண்டியில் ஏறக் கூடாது, சாப்பாட்டுப் பண்டம் விற்கிற மாதிரியான தொழில் செய்யக் கூடாது என்றெல்லாம் இருக்கும். நான் எழுபதுகளின் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தேன். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் தமிழில் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தமிழன், தமிழ்நாட்டில், தமிழ்ப் பரீட்சைக்கு ராத்திரி விளக்கு வைத்துப் படித்தேன். தேறியதும் என் கையில் கொடுத்த முதல் பதிவேடு தொற்றுநோய்ப் பதிவேடு.

அதில் வரிசை எண், தேதி, பெயர், ஊர், நோய், எடுத்த நடவடிக்கை என்று கட்டங்கள் இருக்கும். நடுவில் ஒரு கட்டத்துக்குத் தலைப்பு 'தகவல் தந்தவர்'. முதல் வருஷம் அதை நான் மதிக்கவில்லை. காலியாக விட்டால் மேலாளர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டு அனுப்புவார், அதற்காக நிரப்பினேன். பிறகு ஒருநாள் பழைய பதிவேடுகளைக் கட்டிவைக்கும்போது அந்த ஒரு கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். மருத்துவச்சி. பள்ளி ஆசிரியர். உபதேசியார். டீக்கடைக்காரர். சில இடத்தில் 'தாயார்'. சில இடத்தில் 'தானே'. வைத்தியர் என்று இருந்தது நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. போலீஸ் என்று ஒன்றுகூட இல்லை. சட்டம் வேலைசெய்ய வேண்டுமானால் முதலில் யாராவது ஒருவர் எழுந்து வந்து சொல்ல வேண்டும். எங்கள் ஜீப்பு, பிளீச்சிங் பவுடர், ஊசி எல்லாமே அதற்குப் பிறகுதான்.

பெரியம்மையின் கடைசிக் காலத்தில் அரசாங்கமே இதை ஒத்துக்கொண்டது. அம்மை கண்ட ஆளைப் பற்றித் தகவல் தந்தால் பரிசு என்று ஊரெல்லாம் சுவரில் எழுதினார்கள். தொகை ஏறிக்கொண்டே போய் 1975-ல் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. அன்றைக்கு என் சம்பளத்தைப் போல இரண்டு பங்குக்கும் மேல். நம்ம பக்கத்தில் அதற்குள் பெரியம்மை அற்றுப்போயிருந்தது. சின்னம்மை, அரிப்பு, சொறி என்று எதையெல்லாமோ கொண்டுவந்து காட்டிப் பரிசு கேட்டார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமில் கண்டுபிடிக்கப்பட்டார்.

எண்பதுகளில் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வாந்தியும் பேதியும் பரவியது. அப்போது இருந்த அதிகாரி கண்டிப்பானவர். நோயாளி இருக்கிற வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். தட்டச்சு செய்தது நான்தான், முப்பது பிரதி. ஏழு வீட்டில் ஒட்டினோம். எட்டாவது வீடு அகப்படவில்லை. மூன்று நாள் பதிவேட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. அதிகாரி நோய் அடங்கிவிட்டது என்று மேலே அறிக்கை அனுப்பினார். நாலாவது நாள் அந்த ஊர் மருத்துவச்சி ஒருவர் பஸ் பிடித்து எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். ராத்திரி ராத்திரியாகக் கார் பிடித்து எல்லை தாண்டி அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகிறார்கள், இரண்டு குழந்தைகள் வழியிலேயே போய்விட்டன என்றார். "அந்தக் கடுதாசியைக் கிழிச்சிட்டு வாருங்க, நான் வீடு காட்டுதேன்" என்றார். அதிகாரி ஊரில் இல்லை. எங்கள் சுகாதார ஆய்வாளர் ஒருவர், துணிச்சல்காரர், தன் பொறுப்பில் ஏழு நோட்டீசையும் எடுத்தார். அன்றைக்கே இருபதுக்கு மேல் வீடு தெரிந்தது. ஒரு கிணறுதான் காரணம் என்பதும் தெரிந்தது. அந்த மருத்துவச்சி தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 'தகவல் தந்தவர்' கட்டத்தில் நான் 'ஊரார்' என்று எழுதினேன். மேலாளர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டார். பதில் எழுதவில்லை.

குஷ்டரோகத்திலும் இதே கதை. 1898-ல் வந்த சட்டம் ஒன்று பிச்சை எடுக்கும் குஷ்டரோகிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. ஒளிந்தவர்கள் ஒளிந்தபடிதான் இருந்தார்கள். 1983-க்குப் பிறகு கூட்டு மருந்து வந்து, இலவசமாகக் கொடுத்து, வீட்டிலேயே இருந்து சாப்பிடலாம் என்றதும் ஆட்கள் தாமாக வந்தார்கள். அந்தப் பழைய சட்டத்தை 2016-ல் தூக்கினார்கள். போலியோ சொட்டு மருந்துக்கும் தண்டனை என்று ஒன்று இல்லை. 1995-ல் ஆரம்பித்த நாளிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் நாட்டில் ஒரு குழந்தைக்கும் வரவில்லை.

இவ்வளவும் தெரிந்தவன் நான். அதனால்தான் அடுத்ததை எழுதக் கொஞ்சம் கை தயங்குகிறது.

2020. களியக்காவிளை சோதனைச் சாவடியை அடைத்து, இ-பாஸ் இல்லாமல் பாறசாலையில் இருக்கிற மகள் வீட்டுக்குக்கூடப் போக முடியாமல் நம்ம பக்கத்துக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். செப்டம்பரில் அந்த 1939 சட்டத்தைத் திருத்தி முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதம் போட்டார்கள். நானும் ஒருநாள் சந்தை முக்கில் 200 ரூபாய் கட்டினேன். ரசீதைக் கோப்பில் வைத்திருக்கிறேன். பழைய சட்டத்தின் கீழ் முதன்முதலாக ஒரு ரசீதை வாங்கும் பக்கத்தில் நின்றேன்.

அக்டோபரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். போய் வந்த நாலாவது நாள், மனைவி அடுக்களையில் சாளை பொரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மணம் தெரியவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றும் தெரியவில்லை. லேசாகத் தொண்டைக் கரகரப்பு, வேறொன்றும் இல்லை. என்ன என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சொல்லவில்லை. ஆகஸ்டில் பக்கத்து ஊரில் ஒரு வீட்டு வாசலில் தகரம் அடித்து அடைத்ததைப் பார்த்திருந்தேன். தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனதையும் பார்த்திருந்தேன். முப்பது நோட்டீஸ் தட்டச்சு செய்தவனுக்கு, தன் வாசலில் ஒன்று வரும் என்றதும் பயம் வந்துவிட்டது. மூன்று நாள் பேசாமல் இருந்தேன். மனைவியிடம் ஜலதோஷம் என்றேன். வழக்கம்போலக் காலையில் வாசலில் நின்று பால் வாங்கினேன். பால் கொண்டுவருகிற பெண்ணின் கணவர் அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் தேங்காய் வெட்ட வந்தார். கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தோம். நாலாவது நாள் மனைவிக்குக் காய்ச்சல் வந்ததும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். தகரம் ஒன்றும் வரவில்லை. ஒரு செவிலியர் வந்தார், மாத்திரை கொடுத்தார், வீட்டிலேயே இருக்கச் சொன்னார். போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அந்தக் கணவருக்குக் காய்ச்சல். மூச்சுத்திணறல் ஆகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நவம்பரில் இறந்துவிட்டார். அவர் பல வீட்டுக்கு வேலைக்குப் போகிறவர். எங்கிருந்து வந்தது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

அந்த டிசம்பர் 9-ல், நோயாளி வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது, அதிகாரி தனியாக உத்தரவிட்டால்தான் ஒட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பேப்பரில் படித்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் தடுப்பூசி போடாதவர் பொது இடத்துக்கு வரக் கூடாது என்று நம்ம அரசாங்கம் இதே 1939 சட்டத்தின் கீழ் உத்தரவு போட்டது. அது உட்பட நாலு மாநிலங்களின் உத்தரவுகளைப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2022 மே 2-ல் ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, அவரவர் உடம்பு அவரவருக்கு, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு அதைக் காக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. மற்றவர்களுடைய நன்மைக்காக நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம் என்றும் சொன்னது. 1813-லிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் சரியான தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. கையைப் பிடித்துக் கீறிய பள்ளியில் படித்தவன் சொல்கிறேன்.

அந்தத் தீர்ப்பு பேப்பரில் வந்த மறுநாள் காலை, பால்காரப் பெண் வந்தபோது நான் வாசலிலேயே நின்றேன். அந்த அக்டோபரில் எனக்கு முதல் நாளே தெரியும், மூன்று நாள் மறைத்தேன், உன் வீட்டுக்காரர் தேங்காய் வெட்ட வந்தது அந்த நாட்களில்தான் என்று சொன்னேன். நினைத்துவைத்திருந்ததில் பாதிதான் வாயில் வந்தது.

அவர் பால் பாத்திரத்தைத் தரையில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீங்க அண்ணைக்கே ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம்லா சார். அவிய மறுநாள் வந்து வெட்டியிருப்பாவ. தேங்காயிக்கு என்ன அவசரம்" என்றார்.

வழக்கமான அளவுப் பாலை ஊற்றினார். அடுத்த வீட்டுக்குப் போனார்.